இமையைத் தாங்கிய நெற்றி

முகச்சுருக்கம் போக்கும் ஊசியை எங்கே குத்துவது, எவ்வளவு மருந்து, எந்தக் கோணம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் கற்றுக்கொண்ட விதம் வேறு. சென்னையில் ஒரு ஓட்டல் அரங்கில் சனி, ஞாயிறு உட்கார்ந்து யாரோ ஒருவர் திரையில் காட்டியதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கையுறை மாட்டிக்கொண்டோம். நீங்கள் முறையாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

என்னிடம் அனுபவம் கேட்டு நீங்கள் வந்தபோது முதலில் மறுத்தேன். அடக்கம் ஒன்றும் இல்லை, அலுப்புதான். இத்தனை வருடம் அடுத்தவர் முகத்தையே பார்த்துப் பார்த்து, இப்போது பேருந்தில் எதிரே யாராவது உட்கார்ந்தால்கூட நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஆனால் ஒரு முகத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் செங்கல்பட்டில் தோல் மருத்துவராக இருந்தேன். தொண்ணூறுகளில் என்னிடம் வந்தவர்களுக்குப் படை, தேமல், சேற்றுப்புண், சிமெண்டு வேலை செய்து வெந்துபோன விரல்கள். முகச்சுருக்கம் என்று ஒருவர்கூட வந்ததில்லை. இரண்டாயிரம் பிறந்த பிறகுதான் அந்தக் கூட்டம் வரத் தொடங்கியது. கல்பாக்கத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார். இரண்டு புருவத்துக்கும் நடுவில் கோடு. அவருக்குக் கோபமே வராதாம், ஆனால் கீழே வேலை செய்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அறை வாசலிலேயே நின்றுவிடுகிறார்களாம். போட்டுவிட்டேன். மறுமுறை வந்தபோது, "இப்ப யாரும் பயப்படறதில்ல டாக்டர். சொன்ன வேலையும் நடக்கறதில்ல" என்றார். இன்னொரு தடவை அவர் போட்டுக்கொள்ளவில்லை.

சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஓட்டல்கள் பலவும் கை மாறின, இடித்துக் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்றில் மசாஜ் செய்யும் இடத்தை ஒட்டி எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். சனிக்கிழமை தோறும் போவேன். வெளிநாட்டுக்காரர்களும் சென்னையிலிருந்து வார இறுதிக்கு வரும் குடும்பங்களும்தான் வாடிக்கை. எண்ணெய் வாசனையும் ஏ.சி. குளிரும் கலந்த அந்த அறையில் உட்கார்ந்து, அழகாக இருக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அழகைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பெருமையாகவும் இல்லை, அவமானமாகவும் இல்லை.

அந்த ஓட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவரை எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டியவர். படாளம் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். எஸ்தர் பன்னிரண்டாவது முடித்துவிட்டு இதே ஓட்டலில் படுக்கை விரிக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வந்து தங்குகிறவர்களிடமே ஆங்கிலம் கற்று, பிரெஞ்சு கொஞ்சம் கற்று, ஒவ்வொரு படியாக ஏறி வரவேற்புக்கு வந்தவர். கணவர் தாஸ் மறைமலைநகரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். சனிக்கிழமை காலையில் நான் உள்ளே நுழையும்போது, "குட் மார்னிங் டாக்டர்" என்று எஸ்தர் சொல்லும் விதத்தில், இந்த ஓட்டலே தன்னுடையது என்பதுபோல ஒரு நிமிர்வு இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவரே என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினார். குறுக்கே ஆழமான கோடுகள்.

"இத எடுத்துடணும் மேடம். மேனேஜர் சார் சொல்லிட்டாரு. கெஸ்ட்டுங்க வந்து நின்னா நான் சலிச்சுக்கற மாதிரி தெரியுதாம். அடுத்த மாசம் புது ஓனருங்க வராங்க. ஒவ்வொருத்தரா பாப்பாங்களாம்."

"நீங்க சலிச்சுக்கறீங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு மேடம் சலிப்பு? நின்னுகினே கீறேன், சாயங்காலம் ஆனா ஒடம்பு அசந்து பூடுது. அவ்ளோதான்."

காலை வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்பது வயதுக்கு அந்தக் கோடுகள் சற்று அதிகம். ஆனால் விசித்திரம் ஒன்றும் இல்லை. ஊழியர்களுக்கு ஓட்டல் சலுகை கொடுத்திருந்தது. வேலை முடிந்து சாயங்காலம் வாருங்கள், போட்டுவிடுகிறேன் என்று சொன்னேன்.

சாயங்காலம் வந்தவரைப் பார்த்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. காலையில் பார்த்த முகம் இல்லை அது. கோடுகள் இரண்டு மடங்கு ஆழமாகியிருந்தன. புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. யாரோ கெட்ட செய்தி சொல்லி அதைக் கேட்டு அதிர்ந்து நிற்பவர்போல இருந்தார். மருந்தை எடுத்து வைத்துவிட்டேன். ஊசியும் தயார். ஆனால் சுருக்கம் என்பது ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் இப்படி மாறாது.

"எஸ்தர், நெத்திய நான் விரலால அழுத்திப் பிடிச்சுக்கறேன். நீங்க கண்ண மட்டும் தெறந்து என்னப் பாருங்க" என்றேன்.

நெற்றியை அழுத்தியதும் இரண்டு இமைகளும் பாதி மூடிக்கொண்டன. அவரால் திறக்க முடியவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். பார்க்கப் பார்க்க இமைகள் மெதுவாக வழிந்து இறங்கின, கடை மூடும்போது ஷட்டர் இறங்குவதைப்போல.

அந்த நெற்றி சலிப்பினால் சுருங்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருப்பதற்காக அது உழைத்துக்கொண்டிருந்தது. பலம் இல்லாத இமைகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை புருவத்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

சந்தேகத்தைச் சோதிக்க ஓட்டல் பாரிலிருந்து பனிக்கட்டி கேட்டு வாங்கினேன். கையுறைக்குள் போட்டு முடிந்து ஒரு கண் இமையின்மேல் சிறிது நேரம் வைத்திருந்தேன். எடுத்தபோது அந்த இமை நன்றாக மேலே ஏறியிருந்தது. குளிர் பட்டால் சற்று நேரத்துக்குப் பலம் வரும், அப்படி ஒரு நோய் இருக்கிறது. நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத நோய். மயஸ்தீனியா என்று படித்திருப்பீர்கள். பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் தேறும். நம் ஊசி மருந்து செய்வதும் அதே காரியம்தான். நரம்பின் பேச்சு தசைக்கு எட்டாமல் தடுக்கிறது. ஏற்கெனவே பாதி காது கேட்காதவரின் காதில் பஞ்சு அடைப்பதைப்போல.

இன்னொரு கண்ணுக்கும் பனிக்கட்டி வைத்தேன். இரண்டும் திறந்துகொண்டன. புருவம் தானாக இறங்கியது. நெற்றி வழவழவென்று ஆனது. எஸ்தர் எழுந்து சுவர்க் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி மிகச் சந்தோஷமாகச் சொன்னார்.

"இதான் மேடம். இதான் எனக்கு வோணும். இப்டியே இருக்கற மாதிரி போட்டுடுங்க."

அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இது நோயாக இருக்கலாம், நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை இந்த ஊசியை யாரிடமும் போட்டுக்கொள்ளக் கூடாது, போட்டால் இமை விழும், விழுங்க முடியாமல் போகலாம், மூச்சுக்கே ஆபத்து வரலாம் என்று நோயின் பெயரோடு சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் இமைகள் மறுபடி இறங்கிக்கொண்டிருந்தன.

"காலைல போடறேன்னீங்க. இப்ப போட மாட்டேங்கறீங்க. வெள்ளக்காரங்களுக்கு ஒரு வார்த்த கேக்காம போடறீங்க. எனக்குன்னா வியாதி அது இதுன்றீங்க."

"அப்படி இல்ல எஸ்தர்."

"எப்டியோ மேடம். எனக்கு அடுத்த மாசம் வேல இருக்கணும். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லல."

அவர் கேட்டது நியாயமான கேள்வி.

மேலாளர் வந்தார். வெளியூர்க்காரர், படித்தவர், பேச்சில் எப்போதும் ஒரு மெருகு. "ஒரு சின்ன ஊசிதானே டாக்டர். அவங்களே கேக்கறாங்க. கையெழுத்து போட்டுத் தர்றாங்க. உங்களுக்கு ஒரு ரிஸ்க்கும் இல்ல" என்றார். ரிஸ்க் எனக்கு இல்லை, எஸ்தருக்குத்தான் என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "சரி, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டு அவரிடம் இன்னொரு முறையும் சொன்னேன். எஸ்தரிடமும் பேசினேன். நரம்பு மருத்துவரிடம் நேரம் கிடைத்துவிட்டதாகவும், ஆனால் அது முதலாளிகள் வந்து போன பிறகுதான் என்றும் சொன்னார். குரலில் மரியாதை இருந்தது, நெருக்கம் இல்லை.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. அடுத்த கதவைத் தட்டப் போகிறார்கள். நீரிழிவுக்காரரிடம் இனிப்பு வேண்டாம் என்று சொன்னால் அவர் நம் எதிரில் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் தெரியாது.

சில வாரங்கள் போயின. ஒரு வேலைநாள் முற்பகல். செங்கல்பட்டில் என் கிளினிக்கில் நல்ல கூட்டம். வாசலில் அந்த ஓட்டலின் கார் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து தாஸ் இறங்கி, எஸ்தரைக் கைத்தாங்கலாக இறக்கினார். வரவேற்பில் இருந்த என் நர்ஸ் எஸ்தரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க" என்று பெஞ்சைக் காட்டியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பெஞ்சில் இருந்த எல்லோரையும்விட அமைதியான முகம் அது.

நல்லவேளையாக நான் யாரையோ வழியனுப்பக் கதவைத் திறந்தேன்.

எஸ்தர் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இமைகள் முழுவதும் மூடியிருந்தன. நெற்றியில் ஒரு கோடும் இல்லை. இருபது வயதுப் பெண்ணின் நெற்றி. உதட்டோரத்தில் எச்சில் வழிய, தாஸ் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். தாஸ்தான் பேசினார்.

"போன வாரம் மெட்ராஸ்ல ஊசி போட்டாங்க மேடம். மேனேஜருக்குத் தெரிஞ்ச எடம். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பால கண்ணு தொறக்கல. நேத்துலேர்ந்து தண்ணி குட்ச்சா மூக்கு வயியா வந்துகினு கீது. பேச்சு கொயகொயன்னு ஆயிட்ச்சு. ஊசி போட்ட டாக்டருக்குப் போன் பண்ணோம். மருந்து வேகம் கொறஞ்சா தானா சரியாப்பூடும், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுன்றாரு."

"இப்ப எங்க போறீங்க?"

"மெட்ராஸுக்கு மேடம். பெரிய ஆஸ்பத்திரில மேனேஜரு ரூம் சொல்லி வெச்சிகீறாரு. எல்லா செலவும் ஓட்டல்தான். போற வயில உங்களாண்ட ஒரு தபா காட்டிட்டுப் போலாம்னு இதுதான் சைகை காட்டிச்சு."

எஸ்தரை ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூக்கால் எண்ணினார். பதினைந்தைத் தாண்டியதும் நின்றது. கொஞ்சம் இளைப்பாற விட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். இந்த முறை பத்துக்கு வரவில்லை. இருமுங்கள் என்றேன். இருமல் வரவில்லை, தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. தலையைத் தூக்கச் சொன்னேன். கையை எடுத்தால் தலை மார்பில் சரிந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மூச்சு முட்டுகிறவரை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? விரிந்த கண், சுருங்கிய நெற்றி, விடைத்த மூக்கு, தவிப்பு. முகம்தான் முதலில் கூவும். இந்த முகம் கூவவில்லை. நோய் பாதித் தசைகளைக் கட்டிப்போட்டுவிட்டது. மீதியை ஊசி கட்டிப்போட்டுவிட்டது. உள்ளே ஒரு பெண் மூழ்கிக்கொண்டிருக்கிறாள், வெளியே முகம் கோயில் சிலையைப்போல இருக்கிறது. பயம் என்பது ஒரு முகத்தில் இல்லாமல் போவதைப் பார்த்து நான் அன்றைக்குப் பயந்ததைப்போல எப்போதும் பயந்ததில்லை.

"மெட்ராஸ் வேணாம் தாஸ்" என்றேன். "இங்க இருக்கற கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே. நானும் வரேன்."

ஓட்டுநர் வாசலில் நின்றபடி, "மேனேஜர் சார் நேரா மெட்ராஸ்தான்னு சொல்லிகீறாரு" என்றார். அவர் கையில் இருந்த போனில் மேலாளரே இருந்தார். வாங்கினேன். "டாக்டர், அங்க எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு. ஸ்பெஷலிஸ்ட் வெயிட் பண்றார். கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா வீணா பேச்சு கிளம்பும்" என்றார். அவருக்கு எஸ்தர்மேல் அக்கறை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. அதோடு கூடவே பேச்சு கிளம்பக் கூடாது என்ற அக்கறையும் இருந்தது. பெரும்பாலான மனிதர்கள் அப்படித்தான்.

நான் கணக்குப் போட்டது சாலையைத்தான். செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு. அந்த வருடங்களில் கூடுவாஞ்சேரியில் நின்று, ஊரப்பாக்கத்தில் நின்று, வண்டலூரில் நின்றுதான் எந்த வண்டியும் போகும். ஏ.சி. கார், மெத்தை சீட்டு, பக்கத்தில் கணவர். வழியில் மூச்சு நின்றால் அந்த முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. தூங்குகிறாள் என்று தாஸ் நினைத்துக்கொண்டிருப்பார்.

அதே சமயம் எனக்குள் இன்னொரு குரலும் பேசிக்கொண்டிருந்தது. நீ தோல் டாக்டர், உனக்கு என்ன தெரியும் மூச்சைப் பற்றி? சென்னையில் நிபுணர் காத்திருக்கிறார். இங்கே இழுத்துக்கொண்டு போய் ஒன்றும் இல்லை என்று ஆனால் ஊர் சிரிக்கும். சென்னைக்கு அனுப்பி வழியில் ஏதாவது ஆனால் உன்மேல் பழி வராது. அந்தக் குரல் உங்களுக்கும் கேட்கும். நெருக்கடியில் முதலில் கேட்பதே அந்தக் குரல்தான். அது எப்போதும் பழியைப் பற்றி மட்டும்தான் பேசும். நோயாளியைப் பற்றிப் பேசாது.

தாஸ் தயங்கினார். மனைவியின் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தானே கீது மேடம். கஷ்டப்படற மாரி தெரியலயே. ஒரு மணி நேரம், மெட்ராஸ் போய்ச் சேந்துடுவோம்."

"மூஞ்சியப் பாக்காதீங்க தாஸ். கையப் பிடிச்சுப் பாருங்க."

பிடித்தார். அந்தக் கை சில்லிட்டு வேர்த்திருந்தது. விரல்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டு நடுங்கின. அவர் முகம் மாறியது. எஸ்தரின் முகத்தில் வந்திருக்க வேண்டிய பயம் முழுவதும் அவர் முகத்தில் வந்தது.

"எங்க சொல்றீங்களோ அங்க போலாம் மேடம்" என்றார். ஓட்டுநரைப் பார்த்து, "வண்டிய எடு அண்ணாத்த" என்றார்.

கிளினிக்கில் இருந்த, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் காற்றுப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். எஸ்தரைச் சாய விடாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூச்சு பத்தலன்னா என் கைய அழுத்துங்க" என்றேன். அவர் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு மயக்க மருத்துவர் இருந்தார். உங்கள் வயதுதான். விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "சாச்சுரேஷன் நல்லா இருக்கே மேடம்" என்றார். கருவி பொய் சொல்லவில்லை. இந்த நோயில் அந்த அளவு கடைசியில்தான் இறங்கும். "ஒரே மூச்சுல எண்ணச் சொல்லிப் பாருங்க" என்றேன். எண்ணச் சொன்னார். எஸ்தர் நான்கு வரை வந்தார். ஐந்துக்கு வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு தாமதிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார், குழாய் எடுத்தார், என்னை நகரச் சொன்னார். நான் நகர்ந்து சுவரோரம் நின்றேன். அவர் தலைமாட்டுக்கு வந்து நிற்கும்போதே எஸ்தரின் மார்பு அசைவது குறைந்துவிட்டது. குழாய் உள்ளே போனது. இயந்திரம் மூச்சு விடத் தொடங்கியது.

சென்னைக்குக் கிளம்பியிருந்தால் அந்த நேரத்துக்கு அந்தக் கார் சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டியிருக்காது.

வெளியே வந்தேன். தாஸ் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்கதான் வோணாம்னு சொன்னீங்களாமே மேடம், டிரைவரு இப்பதான் சொன்னாரு. என்னாண்ட அது ஒண்ணுமே சொல்லல. எதுக்கு சொல்லல?"

"வேலை போயிடும்னு பயந்திருப்பாங்க."

"வேலதானே. போனா போவுது. நான் இல்ல?" என்றார். அப்புறம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

எஸ்தர் பல நாட்கள் இயந்திரத்தில் இருந்தார். நோய் உறுதியானது. சென்னைக்கு மாற்றி இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், பிறகு இந்த நோயைத் தூண்டும் சுரப்பியை எடுக்க மார்புக்குள் ஓர் அறுவை சிகிச்சையும் நடந்தது. ஊசியின் வேகம் சில மாதங்களில் தானாகப் போனது. நோய் போகவில்லை. மாத்திரையில் அடங்கி இருக்கக் கற்றுக்கொண்டது. நெற்றிக் கோடுகளும் திரும்பி வந்தன. நான் போய்ப் பார்த்த ஒரு நாள், தாஸ் அந்தக் கோடுகளைக் காட்டி, "வந்துட்ச்சு மேடம்" என்றார். பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

புது முதலாளிகள் வந்து போனார்கள். வரவேற்பில் சின்ன வயதுப் பெண் ஒருத்தியை நிறுத்தினார்கள். எஸ்தருக்குத் துணி துவைக்கும் பிரிவில் மேற்பார்வை வேலை தருகிறோம் என்றார்கள். மேலாளர் நேரில் வந்து சொல்லியிருக்கிறார், பழக்கூடையோடு. எஸ்தர் பழத்தை வாங்கிக்கொண்டு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் ஊசி போடுவதை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. அந்த ஓட்டலுக்குப் போவதை மட்டும் நிறுத்தினேன். செங்கல்பட்டில் கேட்டு வந்தவர்களுக்குப் போட்டேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, சிலருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு முகத்தின் எதிரிலும் உட்காரும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இந்தக் கோடு இவருக்காக என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது? பெரும்பாலும் ஒரு வேலையும் செய்யாது, வெறும் வயதுதான். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் மருந்தைத் தொடுவேன். நெற்றியை அழுத்திப் பிடித்து இமையைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முடிந்தால் காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் பாருங்கள். கூட்டம் அதிகம், நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் கூட்டம் இருந்தது.

எஸ்தரை நான் கடைசியாகப் பார்த்தது பொத்தேரியில். பல்கலைக்கழகத்துப் பெண்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியில் வார்டன் வேலை. டிபன் கடைகளுக்கு நடுவில் மூன்று மாடிக் கட்டடம். பிற்பகலில் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கியிருந்ததால் இமைகள் நன்றாக இறங்கியிருந்தன. என் குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டார். டீ வரவழைத்தார்.

"வேல எப்டி இருக்கு எஸ்தர்?"

"நல்லாகீது மேடம். இங்க யாரும் மூஞ்சியப் பாக்கறதில்ல. பொண்ணுங்களுக்கு அதுங்க மூஞ்சியப் பாக்கவே நேரம் பத்தல." சிரித்தார். உதடு முழுதாக விரியவில்லை, ஆனால் அது சிரிப்புதான். "மதியானத்துக்கு மேல நான் தூங்கறேன்னு நெனச்சிக்கினு எல்லாத்தையும் என் எதிர்லயே பேசுதுங்க. எவ எவனோட பைக்ல போறா, எவ பரிச்சைக்குப் போவல, எவ வூட்ல இன்னா சண்ட, எல்லாம் தெரியும் எனக்கு. அழுவுதுங்கன்னா மட்டும் அப்பால தனியா கூப்ட்டுப் பேசுவேன்."

அந்த நேரம் வாசல் கதவு சத்தமில்லாமல் திறந்தது. கல்லூரி நேரத்தில் வந்திருக்கக் கூடாத ஒரு பெண். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வார்டன் தூங்குகிறார் என்று நினைத்து, அவரைத் தாண்டி மாடிப்படிப் பக்கம் நடந்தாள். எஸ்தர் தலையைத் திருப்பவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு விரலால் வலது இமையைத் தூக்கினார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் படியில் ஒரு காலோடு நின்றுவிட்டாள்.

"ஜொரமா கீதா?" என்றார் எஸ்தர்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"சரி, போய்ப் படு. அஞ்சு மணிக்கு வரேன், பேசலாம்."

விரலை எடுத்தார். இமை இறங்கியது. டீயைக் கையால் தேடி எடுத்துக்கொண்டார்.